சூடு தெரியாத கால்

தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு அப்படியே கொண்டுவந்துவிட்டாள். பச்சைத் தண்ணீர் விட்டு விளாவ மறந்துபோனாள். வாசலில் அத்தனை கூட்டம்.

தீக்குண்டம் இறங்கி வந்தவரின் காலை மனைவிதான் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளத் தெருவே வரிசையில் நின்றது.

தாம்பாளத்தைக் கீழே வைக்கும்போது தண்ணீர் விரலில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, பொறுங்க..."

அதற்குள் செங்கோடன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் வைத்துவிட்டார்.

வைத்துவிட்டு, எதிரில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அவர் கால்களை அவள் அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். புடவை நனைந்தது. பக்தி என்று நினைத்து யாரோ குலவை போட்டார்கள்.

விடியற்காலையில் அவளும் குலவை போட்டவள்தான். மற்றவர்கள் எல்லாம் நெருப்பை ஓடிக் கடந்தார்கள். அவர் மட்டும் நடுவில் நின்று, கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, வயல் வரப்பில் போவதுபோல் போனார். பூசாரியே அவர் காலைத் தொட்டார்.

இப்போது அவள் அந்தக் காலைத் திருப்பினாள்.

இடது உள்ளங்கால் முழுக்க வெளுத்து உரிந்திருந்தது. குதிகாலுக்கு மேலே, சதைக்குள், ஒரு கரித்துண்டு.

அவளுக்குக் கூட்டத்தின் இரைச்சல் கேட்காமல் போயிற்று.

வரிசையில் நின்ற பாதிப் பேருக்கு அவள்தான் விரல் நுனியில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பாள். சுகாதார நிலையத்திலிருந்து மாத்திரை வாங்கிவந்து வீட்டுக்கு வீடு கொடுப்பாள். செருப்பில்லாமல் நடக்காதீர்கள், ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைப் பாருங்கள் என்று தொண்டை வற்றச் சொல்வாள்.

சொந்த வீட்டில்தான் அவள் பேச்சு செல்லவில்லை. ஊரைக் குத்துவது பத்தாதா என்று செங்கோடன் கேலி பேசிக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரே ஒரு தடவை விரலை நீட்டினார். எக்கச்சக்கமாக இருந்தது. மாத்திரை போட ஆரம்பித்தார். கோயிலில் காப்புக் கட்டியதும் நிறுத்திவிட்டார். ஆத்தாவுக்கு விரதமிருக்கிற உடம்புக்குள் மாத்திரை எதற்கு என்றார்.

மாசியில் ஒரு நாள் சந்தையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்றே அவருக்குத் தெரியவில்லை. தெருவே சிரித்தது.

அவளும் சிரித்தாள்.

செருப்பு கழல்வது தெரியவில்லையா, காலில் உணர்ச்சி போய்க்கொண்டிருக்கிறது. வீடு வீடாக அவள் சொல்லும் பாடம் அது.

மற்ற வீடுகளில்.

"கால் வெந்திருக்குதுங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "ஆசுபத்திரிக்குப் போயிரலாம்."

அவர் குனிந்தார். அப்போதுதான் பார்த்தார்.

சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. கண் மட்டும் மாறியது.

"மூடு புள்ள. யாராச்சும் பாத்துரப் போறாங்க."

போன வருசம் கால் வெந்தது தங்கமுத்துவுக்கு. விரதத்தில் குறை என்று ஊர் பேசியது. பிறகு, குறை அவனிடம் இல்லை, பெண்டாட்டிதான் விலக்கான நாளை மறைத்துவிட்டாள் என்று பேசியது. அவன் டீக்கடைக்கு ஆள் வருவது நின்றுபோயிற்று. அந்தப் பெண் குழாயடிக்கு வருவதே இல்லை.

அவள் ஈரத் துண்டை எடுத்தாள். உள்ளங்கால் தெரியாமல் சுற்றினாள்.

இருட்டிய பிறகாவது போகலாம் என்று கேட்டுப் பார்த்தாள். மறுபூசை முடியட்டும் என்றார். அது அடுத்த வெள்ளிக்கிழமை.

முள் குத்திய காலோடு ஒரு வாரம் சும்மா இருந்த ஒருவரை அவள் பெரியாசுபத்திரிக்கு அனுப்பியிருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தார்.

கத்திவிடலாம் என்று தோன்றியது. இது அருள் இல்லை, வியாதி என்று இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடலாம். சொன்னால் கால் பிழைக்கலாம். அதற்குப் பிறகு அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் எந்தத் தெருவில் நடப்பார்?

வாயைத் திறந்தாள்.

எதிரில் பூவாத்தா நின்றிருந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். அவளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வர ஒரு வருசம் ஆகியிருந்தது. இவள்தான் பிடிவாதம் பிடித்து, சண்டை போட்டு, சோற்றைக் குறைக்க வைத்துக் கொண்டுவந்தது.

பூவாத்தா தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த மாத்திரை அட்டையை எடுத்து, தாம்பாளத்துக்குப் பக்கத்தில் பதவிசாக வைத்தாள். பாதிகூடத் தீராத அட்டை.

"இது வேற யாருக்காச்சும் குடுத்துருங்க அக்கா. எனக்குமே கொஞ்ச நாளா கால்ல சூடு தெரியறதில்லீங்க. அடுத்த வருசம் நானும் எறங்கறேன்."

முகம் பூரித்துக் கிடந்தது.

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அதற்கு மேல் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. குனிந்தபடியே வரிசையில் நின்ற கால்களைப் பார்த்துக்கொண்டு போனாள்.

கடைசியில் ஒருவர் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றிருந்தார். இன்னொன்று பின்னால் வேலியோரம் கழன்று கிடந்தது.

வரிசை நகர்ந்தது.

கைகூப்பியபடி, அவர் ஓரடி முன்னால் வந்தார்.