இரண்டு பேருக்கான மருந்து

பிறந்து இருபது நாளான குழந்தைக்கு வலிப்பு. தேவனூர் நாடு என்ற மலைக்கிராமத்துக்கு வாரந்தோறும் பஸ் ஏறி வரும் நர்ஸ் சித்திகா, மருந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்குக் கொடுத்தது ஒரே வாரத்தில் காலியாகியிருந்தது.

“ரெண்டு வேளைக்குப் பதிலா நாலு வேளை ஊத்தறியா கண்ணு?”

“இல்லீங்க சிஸ்டர். ரெண்டு பேருக்கும் ஊத்தறனுங்க,” என்றாள் தாய் கோகிலவாணி.

பிரசவம் பார்த்ததே சித்திகாதான். பிறந்தது ஒரே குழந்தை. இவள் எதையோ மறைக்கிறாள். சித்திகா வீட்டை நோட்டம் விட்டாள். பாயில் குழந்தை, மூலையில் மிளகு மூட்டை, உத்தரத்தில் காலித் தூளி. தூளிக்குள் கைவிட்டுத் தடவினாள். மருந்துக் கறைகூட இல்லை.

அப்போது குழந்தையின் கால் வெட்டி வெட்டி இழுத்தது. கையால் பிடித்தால் நிற்பது வெறும் நடுக்கம், நிற்காவிட்டால்தான் வலிப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்திகா பிடித்தாள். நின்றுவிட்டது. நிம்மதியாக நிமிர்ந்தாள்.

“அதையும் புடிச்சுப் பாருங்க சிஸ்டர்.”

காலித் தூளி வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. காற்று இல்லை. சித்திகா இரண்டு கைகளாலும் துணியை இறுக்கிப் பிடித்தாள்.

நிற்கவில்லை.