சூட்டுக் கை

“நக்கிப் பாருங்க அக்கா! உப்பா, இல்லையா? வாயத் தொறந்து சொல்லுங்க!”

கை நிறைய மண்ணை அள்ளிவந்து நாத்தனார் சுமாலியின் மூக்குக்கு நேரே நீட்டினாள் பிக்குன். முற்றத்தில் உட்கார்ந்து கணவாய் மீனைக் கீறிக்கொண்டிருந்த சுமாலி, கத்தியைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தாள்.

“மண்ணைத் தின்னச் சொல்றியே, புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?”

“நான் தின்னு பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன். கடல் தண்ணி மாதிரிக் கரிக்குது. அத்தனை செடியும் ஓரம் கருகி நிக்குது. இந்த வீட்டுல மூட்டை மூட்டையா உப்பு வச்சிருக்கிறது யாரு? நானா?”

விவரம் தெரிந்த நாளிலிருந்து பிக்குனுக்கு இறால் உரிக்கும் கொட்டகைதான் பிழைப்பு. குடியிருந்ததெல்லாம் ஒரு துளசித் தொட்டிக்குக்கூட இடமில்லாத வாடகை அறைகள். புருஷன் மனோப்பின் அக்கா வீட்டுப் பின்கட்டுக்குக் குடிவந்த பிறகுதான் அவளுக்கென்று கொஞ்சம் மண் கிடைத்தது. ஆசையாக விதை போட்டாள். மழையில் அழுகிப் போயிற்று.

“உனக்குச் சூட்டுக் கைடி. தொட்டது எதுவும் தழைக்காது” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள் சுமாலி. அந்த மகாச்சாய் மீன்துறைப் பக்கம் ஒருத்திக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டால், அவள் வருவதைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரி தொட்டிச் செடிகளை உள்ளே நகர்த்திக்கொள்வாள். “இன்னொரு தடவை போட்டுப் பாரு. அதுவும் செத்துச்சுன்னா, அங்க நான் கணவாய் காயப்போடத் தட்டி கட்டிருவேன்.”

இரண்டாவது தடவை முளைத்துவிட்டது. பயறு கூன் முதுகோடு மண்ணை முட்டிக்கொண்டு எழுந்த அன்று, பல்கூட விளக்காமல் அதன் எதிரே குந்தியிருந்தாள் பிக்குன். “எங்க வீட்டு மிளகா நாலு இலை விட்டிருச்சு” என்று, பிள்ளைக்குப் பல் முளைத்த சேதி மாதிரிக் கொட்டகையெல்லாம் சொல்லித் திரிந்தாள். இறால் வாடையைத் தவிர எதையும் அறியாத விரலில் முதல்முறையாகத் துளசி மணத்தபோது, கை கழுவவே மனசு வரவில்லை அவளுக்கு.

பிறகுதான் இலைகள் கருக ஆரம்பித்தன. மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது. தெருப் பூனைகள் பாத்தியை மோப்பம் பிடித்துக்கொண்டு சுற்றின. இன்றைக்கு இறால் லோடு வரவில்லை, கொட்டகையில் வேலையும் இல்லை. பகல் வெளிச்சத்தில் நிதானமாகக் குனிந்து பார்த்தவள், அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அந்தக் கொதிப்போடு நேரே இங்கே வந்துவிட்டாள்.

“நான் வேலைக்குப் போற நேரம் பார்த்து, கணவாய் ஊறப்போட்ட தண்ணியக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கீங்க. தட்டி கட்டணும்னா கட்டிக்குங்க, வீடு உங்களுது. அதுக்கு ஏன் என் கை மேல பழி போடறீங்க? சின்ன வயசுலேருந்து ஐஸுக்குள்ள கெடந்த கை இது. நகமெல்லாம் அரிச்சுப் போச்சு, பாருங்க. இது எப்படிச் சூடாகும்?”

“அடியே! தட்டி கட்டறதுன்னா உன்கிட்ட உத்தரவு வாங்கிட்டா கட்டுவேன்? ஒளிச்சு மறைச்சு ஊத்த நான் என்ன திருடியா? நான் ஆளை வாயாலயே கொல்றவ!”

“அப்ப சத்தியம் பண்ணுங்க!”

சுமாலி கத்தியை விசிறியெறிந்துவிட்டு எழுந்தாள். முற்றத்து மூலையில் காவல் சாமியின் குட்டி வீடு. அதன்முன் படைத்த சிவப்பு சோடா. ஈரக்கையோடு அங்கே போய்க் கும்பிட்டாள்.

“நான் ஊத்தியிருந்தா என் கணவாய் மொத்தமும் புழுத்துப் போகட்டும்! போதுமாடி?”

கையிலிருந்த மண்ணைக் கீழே உதறினாள் பிக்குன். கணவாயைப் பணயம் வைத்துச் சுமாலி பொய் சொல்ல மாட்டாள். ஆனாலும் குரல் இறங்கவில்லை.

“அப்ப யாரு? பூனையா கடைக்குப் போய் உப்பு வாங்கிட்டு வந்துச்சு?”

கேட்டைத் தள்ளிக்கொண்டு மனோப் உள்ளே வந்தான். துறையில் ஐஸோடு உப்பையும் அள்ளிப் போட்டுக் கணவாய்ப் பெட்டி அடுக்குகிற வேலை. விடிய விடியத் தூக்கியதில் தோள் தொங்கிப் போயிருந்தது. கையில் மூடி போட்ட வாளி.

“நீ இன்னிக்கு வேலைக்குப் போகலையா?” மனைவியைப் பார்த்ததும் வாளியைச் சட்டென்று காலுக்குப் பின்னால் நகர்த்தினான்.

“போகல. நல்லதாப் போச்சு. என் தோட்டத்துல யாரோ உப்பக் கொட்டிச் சாகடிக்கிறாங்க. இனிமே சூட்டுக் கைங்கிறதுதான் ஊருக்குள்ள எனக்குப் பேரு. கேளுங்க உங்க அக்காவ!”

“நம்ம வீட்டுல வந்து உப்பா? எவன் அவன்? கைய ஒடிச்சிருவேன்!” மனோப் எகிறினான். அவன் கால் இடறி வாளியின் மூடி விழ, எங்கிருந்தோ இரண்டு பூனைகள் ஓடிவந்தன.

“செடி சாகறதுக்கு வழியே இல்லையே!” என்றான் அவன், நம்பமுடியாமல். “உன் கை சூடுன்னு அக்கா சொன்ன நாள்லேருந்து, வேருக்குக் குளுகுளுன்னு இருக்கட்டும்னு, கணவாய்ப் பெட்டில ஐஸ் உருகி மிஞ்சுற தண்ணிய நான்தான தினமும் உனக்குத் தெரியாமச் சுமந்துட்டு வந்து ஊத்தறேன்!”