பிரிக்காத கவர்

"இன்னா நைனா, புச்சா கீது! கவரே பிரிக்கலியா?"

பழைய சோபாவை எடுத்துப்போக வந்த வெற்றி, பாலித்தீன் உறையைத் தட்டிப் பார்த்துக் கேட்டான். கீழே வேனில் என் மகள் சுஜா வாங்கி அனுப்பிய புது சோபா நின்றது. பழசு இறங்கினால்தான் புதுசு ஏறும்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பூனை இருக்கிற வீடு தம்பி. ஒரு கீறல் காட்டு, பாப்போம்!"

சுஜா காலேஜில் சேர்ந்த வருடம் வாங்கியது. கடையில் இருந்ததிலேயே விலை குறைவு. மச்சினன் அருள்பிரகாசம் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "மரத்தூள் பலகை அத்தான், அடுத்த தீபாவளியப் பாக்காது" என்று வாய் வைத்தான். சுஜாவுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. சோபா இருக்கிறது.

அது தாங்கியதற்கு முதல் காரணம் நான். கீழே எங்கள் மளிகைக் கடையில் எலிக்காக ஒரு பூனை வளர்த்தோம். துவரம்பருப்பு நிறம், அதனால் துவரை என்று பெயர். முன்பு இருந்த பிரம்பு சோபாவை நார் நாராகக் கிழித்த மகராசி அதுதான். புதுசு வந்த அன்றே சொல்லிவிட்டேன், இதில் ஒரு நகம் பட்டாலும் துவரையை மணலி போகிற டேங்கர் லாரியில் ஏற்றிவிடுவேன் என்று. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது காரணம் என் மனைவி தங்கபுஷ்பம். கடையிலிருந்து வந்த உறையைக் கடைசிவரை பிரிக்க விடவில்லை.

அதற்கு எத்தனை சண்டை! வெயில் காலத்தில் தொடை ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் சர்ரென்று சத்தம். சம்பந்தி வந்த அன்று வழுக்கி, டீயை வேட்டியில் கொட்டிக்கொண்டார். "நாம சோபா வாங்கினோமா, மழைக்கோட்டு வாங்கினோமா?" என்று கத்தியிருக்கிறேன்.

அவள் மசியவில்லை. கண்டெய்னர் லாரிப் புழுதி என்பாள், துறைமுகத்துக் கரி என்பாள், பூனை என்பாள். ஜன்னலோர மூலையில் யாரையும் உட்காரக்கூட விடமாட்டாள். "அங்க உக்காராதீய, ஸ்பிரிங்கு போயிரும்."

துவரை மாடியேறினால் விளக்குமாறுதான். "சவத்து மூதி, கீழ எறங்கு!" அவள் போடுகிற சத்தம் கடை வரைக்கும் கேட்கும். எனக்குச் சில நேரம் பூனைமேல் பாவமாகக்கூட இருக்கும்.

ஒரு தடவை துவரை வயிறு தள்ளிக்கொண்டு அலைந்தது. குட்டிகளை எங்கே போட்டது என்று தெரியவில்லை. ஒவ்வொரு மூட்டையாகப் புரட்டித் தேடினேன். "எர்ணாவூர் பக்கம் எங்கயாவது போட்டிருக்கும்" என்றாள். ஒரு மாதம் கழித்து மூன்று குட்டிகள் எங்கள் மாடிப்படியில் இறங்கி வந்தன. அப்போதும் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

அவள் இறந்து இன்னும் முதல் பொங்கல் வரவில்லை.

விளக்குமாறு எடுக்க ஆளில்லாததால் துவரை இப்போது தினமும் காலையில் மேலே வருகிறது. கிழடாகிவிட்டது. சோபாவுக்குப் பின்னால் போய், சுவரோரம் உட்கார்ந்து கத்தும். திட்டினவளைத்தான் தேடுகிறது என்று நினைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

கொடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு தடவையாவது அந்த நீலத் துணியின் மேல் உட்கார வேண்டும்.

"ஒரு நிமிசம் இரு தம்பி."

கத்தரிக்கோலை எடுத்து உறையைக் கிழித்தேன். உள்ளே கடையில் பார்த்த அதே நீலம். தடவிப் பார்த்தேன். அவள் இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

அவள் விடாத மூலையிலேயே உட்கார்ந்தேன். பொதுக்கென்று உள்ளே போய்விட்டேன். முட்டி இரண்டும் முகத்துக்கு வந்துவிட்டன.

வெற்றி சிரித்துக்கொண்டே கை கொடுத்துத் தூக்கினான். "உள்ள ஒண்ணுமே இல்ல நைனா, டம்மி பீஸு!"

மானம் போயிற்று. இரண்டு பேருமாகச் சோபாவைக் கவிழ்த்தோம்.

அடித்துணி பின்பக்கமாக வெட்டப்பட்டிருந்தது. நகம் கிழித்த கிழிசல் இல்லை, கத்தரிக்கோல் வெட்டு. ஓரத்தை மடித்துத் தைத்து, வரிசையாக ஊக்கு மாட்டியிருந்தது. தங்கபுஷ்பத்தின் வளையலில் எப்போதும் தொங்குகிற அதே ஊக்குகள்.

கழற்றினேன். உள்ளே பஞ்சைக் குடைந்து கூடை அளவுக்கு ஒரு குழி. அதில் நான்காக மடித்த பச்சைச் சுங்குடிச் சேலை. பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டதாக அவள் சொன்ன சேலை. அதன்மேல் துவரம்பருப்பு நிறத்தில் முடி அப்பிக்கிடந்தது.

அடிப்பாவி.

காலையில் நான் கடைக்கு இறங்கியதும் ஊக்கைக் கழற்றியிருக்கிறாள். நான் படியேறும் சத்தம் கேட்டதும் விளக்குமாறு, சவத்து மூதி, திரும்பவும் ஊக்கு. அந்த உறை யாரைக் காப்பாற்றிற்று என்று இப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்றும் மறக்காமல் மாட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாள். துவரை இத்தனை நாளாகக் கதவைத் திறக்கச் சொல்லித்தான் என்னிடம் கத்தியிருக்கிறது.

சோபாவை நிமிர்த்தி, பழையபடி சுவரோரம் தள்ளினேன். ஊக்குகளை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாடிப்படியில் பதுங்கியிருந்த துவரை வெற்றியின் காலை உரசிக்கொண்டு வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. சோபாவுக்குப் பின்னால் போனது. அன்றைக்கு அது கத்தவில்லை.

"இன்னா நைனா, தூக்கிடலாமா?"

"வேணாம் தம்பி. உள்ள ஆள் இருக்கு."