தெரியாது என்றவள்

மதுரையில் ஒரு ஹோட்டல் அரங்கில் கூடியிருந்த முதலீட்டாளர்களிடம், ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியின் பங்கு மூன்று மடங்கு ஏறும் என்று அளந்துகொண்டிருந்தார் பங்குத் தரகு நிறுவனம் நடத்தும் திருமாறன். அவருக்கான அறிக்கையை எழுதிக்கொடுத்த அரசி ஓரமாக உட்கார்ந்து அவரை ஏளனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் எழுப்பியிருந்த சந்தேகங்களை எல்லாம் அவர் வெட்டி எறிந்திருந்தார்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "குவாண்டம் கம்ப்யூட்டர்னு ஒண்ணு வருதாமே சார். அது வந்துட்டா இந்தச் சிப்பை யாரு வாங்குவாங்க?"

திருமாறனுக்கு அந்தப் பெயரே வாயில் நுழையாது. சிரித்து மழுப்பியபடி, "அதை எங்க மேடம் சொல்வாங்க" என்று மைக்கை அவளிடம் நீட்டினார்.

வேலை போனால் போகட்டும் என்று அரசி எழுந்தாள். "எனக்குத் தெரியாதுங்க. இவருக்கும் தெரியாது. தெரியும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. "இவ்வளவு நேர்மையான கம்பெனியை நான் பார்த்ததே இல்ல" என்றபடி பெரியவர் பணம் கட்டும் மேசைக்கு விரைந்தார். மற்றவர்களும் முண்டியடித்துக்கொண்டு பின்னால் போனார்கள்.

திருமாறன் அவள் காதருகே குனிந்தார். "பிரமாதம்மா. அடுத்த வாரம் கோயம்புத்தூர்லயும் இதையே சொல்லிடு."