திற, கேள், மூடு

“பையன் ஆர்.சி.யா இருக்கணும். அதுல மட்டும் பேச்சுக்கே எடமில்ல, எழுதிக்குங்க தம்பி!” மரியஅந்தோணி மேசையில் ஓங்கி அடித்ததில் லியோவின் டீ தளும்பிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் சிந்தியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஆரோக்கியம் பலமாகத் தலையாட்டினாள். மகள் ஆஷ்லின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது வீங்கிய கண்.

பங்குக் கோயிலின் திருமணத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டரில் வரன் தேடித் தருவது லியோவின் வேலை. குத்தாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சம்பா நடவைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தது இந்தக் குடும்பம். மரியஅந்தோணியின் கால் முடியில் சேறுகூட உதிரவில்லை.

“இவ ஒருத்தனச் சொல்றா தம்பி,” என்றாள் ஆரோக்கியம். “ஜெனித்தாம். பொறையாறு. லுத்தரன். மாதா படமே இல்லாத வீடு! நாங்க வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்க.”

“அவரு நல்லவரும்மா,” ஆஷ்லின் முனகினாள்.

“ஏன், நம்ம கத்தோலிக்க சனத்துல நல்லவனே பொறக்கலியா? கம்ப்யூட்டர் பாத்துச் சொல்லட்டும். ஒருத்தன்கூட இல்லைன்னு வந்துட்டா, மாதா மேல சத்தியமா நீ சொன்னவனையே கட்டி வைக்கிறேன். போதுமா?”

“அப்படிப் போடு!” என்றார் மரியஅந்தோணி. “எங்கூட்டுல இவ சொல்றதுதான் தம்பி சட்டம்.” சொல்லிவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டே காலை மேசைக்கடியில் நீட்டினார். “நாள் பூரா சேத்துல நின்னா முட்டி மடங்க மாட்டேங்குது.”

அந்தப் பெண்ணைப் பார்க்க லியோவுக்குப் பாவமாக இருந்தது. பட்டியலில் பையன்களுக்கா பஞ்சம்?

மறைமாவட்டத்து வரன்களின் விவரமெல்லாம் ஃபாதர் அறையிலிருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் தரவுத்தளமாகக் கிடந்தது. அங்கிருந்து இங்கே ஒரு வயர். லியோவினுடையது கிழட்டு மெஷின், புதுச் சரக்கு எதுவும் அதில் ஓடாது. அதனால் எல்லாவற்றையும் சி என்ற பழைய நிரல் மொழியில்தான் எழுதியிருந்தான்.

தரவுத்தளத்தோடு பேசவென்று ஊரில் எல்லாரும் பயன்படுத்துகிற லைப்ரரியில், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பில், ஒரு சின்னக் கேள்வி கேட்கக்கூட ஒரு பக்கம் எழுத வேண்டும். லியோவின் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். மகனுக்கு வீண் சுமை ஆகாது. அவ்வளவையும் உள்ளே போட்டுக் கட்டி, மூன்றே கட்டளையில் வேலை முடிகிற சின்ன லைப்ரரி ஒன்றைத் தானே செய்துகொண்டான். திற, கேள், மூடு. இங்கிலீஷில் பிழைச் செய்தி வந்து யாரையும் மிரட்டாது. ஆள் இருந்தால் பெயர் வரும், இல்லாவிட்டால் ‘வரன் இல்லை’ என்று வரும். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“சொல்லுங்கம்மா.”

“கவர்மெண்ட் வேலை. சொந்த வீடு. கொஞ்சம் நஞ்சை. நாத்தனா இருக்கக் கூடாது.”

வரன் இல்லை.

“நஞ்சைய எடுத்துடுங்க. இவ என்ன நடவா நடப் போறா?”

வரன் இல்லை.

“நாத்தனா இருந்துட்டுப் போவட்டும். வீடு வாடகை வீடுன்னு வைங்க.”

வரன் இல்லை.

“சரி, கவர்மெண்ட் வேணாம். ஏதோ ஒரு வேலை.” ஆரோக்கியத்தின் குரல் இறங்கியிருந்தது. அதற்கும் இல்லை. “வேலையே இல்லாட்டியும் குடிக்காதவனா இருந்தா சரி.” அதற்கும் இல்லை.

“குடிச்சாலும் பரவால்லன்னு போட்டுப் பாப்பமா?” என்றார் மரியஅந்தோணி.

“நீங்க வாய மூடுங்க!”

கடைசியில், ஆர்.சி., கல்யாணம் ஆகாதவன் என்ற இரண்டை மட்டும் வைத்துக் கேட்டான் லியோ. வரன் இல்லை.

திரையை உற்றுப் பார்த்தான். அவனே ஆர்.சி.தான். கல்யாணமும் ஆகவில்லை. ஓடுகிறதா என்று சோதிக்க, முதல் ஆளாகத் தன் பெயரைத்தான் ஏற்றியிருந்தான். அவன் எங்கே போனான்?

“அம்மா, ஒரு நிமிஷம்...”

ஆரோக்கியம் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டாள். “இனிமே என்ன தம்பி நிமிஷம்? மறைமாவட்டம் முழுக்க ஒரு பையன் இல்லைன்னா, மாதாவே முடிவு பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். வாடி, போயி மெழுகுவத்தி ஏத்துவோம். அந்தப் பையன் வீட்டு நம்பரையும் குடு.”

ஆஷ்லின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

லியோ மேசைக்கடியில் குனிந்தான். வயர் கழன்று தரையில் கிடந்தது. ஒரு கேள்விகூட ஃபாதர் அறைக்குப் போய்ச் சேரவில்லை. அவனுடைய அருமை லைப்ரரி, கதவே திறக்கவில்லை என்பதையும் உள்ளே ஆள் இல்லை என்பதையும் ஒரே பதிலாகச் சொல்லியிருக்கிறது.

வயரைச் செருகி மறுபடி கேட்டான். திரை நிரம்பிப் பெயர்கள் ஓடின. முதல் பெயர் அவனுடையது.

ஒரு தாயின் சத்தியத்தைத் தன் அரைகுறை வேலை வாங்கிவிட்டதே என்று பதறி எழுந்தான் லியோ. அடித்துப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினான். தாயும் மகளும் உள்ளே முழந்தாளிட்டிருந்தார்கள். வாசலில் மரியஅந்தோணி மட்டும் செருப்புகளுக்குக் காவலாக நின்றார்.

“ஐயா, தப்பு நடந்துபோச்சு! வயர் கழண்டு கெடந்துருக்கு. மாப்பிள்ளைங்க நெறையப் பேரு...”

காய்ப்பு ஏறிய உள்ளங்கை ஒன்று அவன் வாயை அப்படியே பொத்தியது.

“கத்தாதீங்க தம்பி. புள்ள சோறு திங்காம கெடக்குது. இவகிட்ட நேருக்கு நேரா நின்னு பேச எனக்குத் தெம்பு கெடையாது. பொட்டி நின்னு தொலைஞ்சா இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போவும்னுதான் மேசைக்கடியில வயரக் கால்ல இழுத்து வுட்டேன்.”

உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, லியோவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

“அது இவ்வளவு அழகா பொய் சொல்லும்னு எனக்குத் தெரியாம போச்சே!”