சிறந்த பின்னணிப் பாடகி

மும்பை மேடையில் யாரோ இந்தியில் பேசிக்கொண்டே இருந்தார்கள். செல்லத்துக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

காலையில் காரைக்கால்மேட்டு ஏலத்தில் எடுத்த சங்கரா மீனை மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்த்திருந்தாள். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்து, பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்கே டிவி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரமே காவ்யா போனில் சொல்லியிருந்தாள். நாட்டிலேயே பெரிய இசை விருதாம். சிறந்த பின்னணிப் பாடகிக்கான ஐந்து பேரில் அவள் பெயரும் இருக்கிறதாம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சொல்லி, எந்தச் சேனல் என்றும் இரண்டு தடவை சொன்னாள்.

சத்தத்தை மட்டும் செல்லம் குறைத்தே வைத்திருந்தாள். உள்ளறையில் அருள்மணி படுத்திருந்தான்.

கடலுக்குப் போய் வந்த மகன் நன்றாகத் தூங்கட்டும் என்பதற்காக இல்லை.

காவ்யாவின் குரல் கேட்டால் அவன் எழுந்து போய்விடுவான். டீக்கடையில் அவள் பாட்டு ஓடினால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்துவிடுவான். சேனலை மாற்றச் சொல்லிக் கேட்பதில்லை, யாரையும் கோபிப்பதும் இல்லை. போய்விடுவான், அவ்வளவுதான்.

மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. அம்மாவிடமும் அவன் தேவைக்கு மேல் பேசுவதில்லை. சோறு, வலை, டீசல், இவற்றைத் தாண்டி அவர்களுக்குள் பேச்சு போனதில்லை.

மேடையில் ஆட்டம் வந்தது. விளம்பரம் வந்தது. மறுபடி ஆட்டம். யார் யாரோ ஏறி வந்து, தங்க நிறத்தில் ஒரு பொம்மையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

காவ்யாவை மட்டும் காணோம்.

விளம்பரம் முடிந்ததும் திரையில் ஐந்து கட்டங்கள் வந்தன. கட்டத்துக்கு ஒரு முகம். கடைசிக் கட்டத்தில் காவ்யா.

முடியை வாரிக் கொண்டை போட்டிருந்தாள். காதில் சின்னத் தோடு. கழுத்து வெறுமையாக இருந்தது. மெல்லிசாக ஒரு சங்கிலியாவது போட்டிருக்கலாம் என்று செல்லம் நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருத்தர் பாட்டிலிருந்தும் நாலு வரி போட்டார்கள். காவ்யாவின் முறை வந்தபோது உள்ளறைக் கதவு திறந்தது.

செல்லம் திரும்பிப் பார்க்கவில்லை.

அருள்மணி வந்து பக்கத்தில் நின்றான். குனிந்து தரையில் கிடந்த ரிமோட்டை எடுத்தான்.

அணைத்துவிடப் போகிறான் என்று நினைத்தாள். பக்கத்து வீட்டுக்கு ஓடினால்கூட இனி நேரமிருக்காது.

அவன் சத்தத்தைக் கூட்டினான்.

பிறகு கொஞ்சம் தள்ளி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். நாலு வரியும் வாசல் தாண்டித் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஒரு நடிகர் உறையைப் பிரித்தார். அது சரியாகப் பிரியவில்லை. அவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் ஒரு பெயரை இழுத்து வாசித்தார். அவர் வாசித்த விதத்தில் அது காவ்யாதானா என்று செல்லத்துக்குச் சந்தேகமாக இருந்தது. திரையில் காவ்யா எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அவளுக்குத்தாம்மா," என்றான் அருள்மணி.

செல்லம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். உடனே எடுத்துவிட்டாள். மூடினால் எப்படிப் பார்ப்பது.

காவ்யா மேடை ஏறினாள். புடவை தடுக்கிவிடுமோ என்று பயந்தது போல ஒவ்வொரு படியாக ஏறினாள். பொம்மையை வாங்கிக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். கீழே கை தட்டினார்கள். மைக்கை விட்டு நகரப் போனவள் நின்று, தமிழில் பேசினாள்.

"காரைக்கால்மேட்டுல எங்கம்மா பாத்துக்கிட்டு இருப்பாங்க. அவங்க அன்னைக்குப் போன்னு சொல்லலைன்னா நான் இங்க நிக்க மாட்டேன்."

அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குப் புரிந்ததோ, அதற்கும் கை தட்டினார்கள்.

செல்லம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரிப்பும் வந்தது. காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் பசிக்கவில்லை.

அருள்மணி எழுந்து போகவே இல்லை. விளம்பரம் ஓடும்போதும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு யாரோ விருது வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு காவ்யா கேட்டாள்.

"அத்தை, பாத்தீங்களா?"

தாயில்லாமல் மண்டபத்தூரில் வளர்ந்து, அருள்மணியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். பாடப் போகக் கூடாது என்று அவன் ஒரே பிடியாக நிற்க, விஷயம் ஊர்ப் பஞ்சாயத்துவரை போனது. பெண்கள் வாய் திறக்காத அந்தக் கூட்டத்தில் எழுந்து, தப்பு என் மகன் மேல்தான், என் மருமகளைப் பிரித்து அனுப்பிவிடுங்கள், அவள் பாடிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டவள் செல்லம். மறுநாள் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ் ஏற்றிவிட்டதும் அவள்தான்.

செல்லம் சுவரோரம் உட்கார்ந்திருந்த மகனை ஒரு தடவை பார்த்தாள்.

"பாத்தோம்," என்றாள்.