உச்சி முகர்தல்

மழைக்காகத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டின் ஒற்றை ஜன்னல் சாத்தியிருக்கிறது. அடுப்படியில் குழந்தையின் அப்பா தங்கராஜு விடும் சிகரெட் புகை, போக வழியில்லாமல் தொட்டில்வரை நீலமாக மிதந்து வருகிறது. தோட்டத்து நர்ஸ் சீதா, ஐந்து மாதக் குழந்தையின் மார்பில் காதை வைத்துக் கேட்கிறாள். மூன்றாவது முறையாக இளைப்பு. இன்னொரு முறை வந்தால் தானா ராத்தா டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிதான். குழந்தையைப் பார்க்குமுன் அதைச் சூழ்ந்திருக்கும் காற்றைப் பார் என்பது அவள் படித்த முதல் பாடம். அதை இந்த மனிதனுக்குப் பாடமாகச் சொன்னால் ஏறாது என்பதும் அவளுக்குத் தெரியும். “நான் தள்ளித்தான லா உக்காந்திருக்கேன் மிஸ்ஸி. வெளிய குளிரு கொல்லுது,” என்கிறான் அவன். சீதா குழந்தையைத் தூக்கி அவன் முகத்தருகே கொண்டுபோகிறாள். “உச்சிய மோந்து பாருங்கண்ணே.” சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி குனிகிறான். பால் வாசம் இல்லை. மறுபடி ஆழமாக முகர்கிறான். அவனுடைய விரல்களின் அதே சிகரெட் வாடை. சிரிப்பு நின்றுவிடுகிறது. “நான் சொன்னது காதுல ஏறல. இப்பதான் மூக்குல ஏறுது,” என்கிறாள் தொட்டிலருகே நிற்கும் அவன் மனைவி ருக்குமணி. தங்கராஜு ஒரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பாதி சிகரெட்டோடு மழையில் இறங்குகிறான்.